‘ராக்கெட் சிங்’ படத்துக்குத் தமிழ் சப்டைட்டில்: எழுத்து உடைகிறது, நேரமும் பிந்துகிறது

(கேள்வியும் பதில்களும். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

டோம்பிவிலி கிழக்கு:

மும்பையை அடுத்த டோம்பிவிலியில் எங்கள் குடியிருப்பு சொசைட்டி ஹாலில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து படம் போடுவது வழக்கம். அடுத்து ‘ராக்கெட் சிங்: சேல்ஸ்மேன் ஆஃப் தி இயர்’ என்று முடிவாகியிருக்கிறது. ரன்பீர் கபூர் நடித்து 2009-இல் வந்து, வந்த சுவடு தெரியாமல் போன படம். கம்ப்யூட்டர் விற்கிற ஆபீஸ் ஒரு பக்கம், தாத்தாவும் பேரனும் இருக்கிற வீடு ஒரு பக்கம். நம் கூட்டத்துக்குப் பொருத்தமான படம்.

பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஊரிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கும் அப்பா அம்மாக்கள். இந்தி வராது, இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டாலும் படிக்கச் சிரமம். அதனால் இங்கிலீஷ் கோப்பின் நேரங்களை அப்படியே வைத்துக்கொண்டு தமிழில் எஸ்ஆர்டி கோப்பு (வசனமும் அது வரவேண்டிய நேரமும் கொண்ட சப்டைட்டில் கோப்பு) தயார் செய்ய ஆரம்பித்தோம். முதல் நாற்பது நிமிஷம் முடிந்திருக்கிறது. ஹால் டிவியில் பென்டிரைவ் போட்டுப் பார்த்ததில் இரண்டு கோளாறு. ‘கொ’, ‘செ’, ‘பே’ மாதிரி எழுத்துகளில் கொம்பு தனியே கழன்று புள்ளி வட்டத்தோடு நிற்கிறது. அடுத்தது, தொடக்கத்தில் சரியாக வருகிற வரிகள் போகப்போகப் பிந்துகின்றன. முப்பதாவது நிமிஷத்தில் ஒண்ணேகால் நிமிஷம் வித்தியாசம். ஆள் பேசி முடித்து வெளியே போன பிறகு வசனம் வருகிறது.

ஹால் 40 அடி நீளம், 22 அடி அகலம், கூரை 10 அடி, தரை டைல்ஸ். சுமார் 60 நாற்காலி. நிகழ்ச்சிக்கு டிவி வேண்டாம், புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கலாம் என்று இருக்கிறோம். சப்டைட்டில், புரொஜெக்டர், சவுண்ட், அனுமதி, எதைப் பற்றித் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

வரிக்கு இருபத்தாறு:

நீங்கள் சொன்ன ஒண்ணேகால் நிமிஷத்திலேயே விடை இருக்கிறது. முப்பது நிமிஷத்துக்கு எழுபத்தைந்து விநாடிக்கு மேல் என்றால் நான்கு சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதல். 25-ஐ 23.976-ஆல் வகுத்தால் 1.0427 வரும். ஆக, நீங்கள் எந்தக் கோப்பின் நேரங்களைப் பின்பற்றி எழுதினீர்களோ அது விநாடிக்கு 23.976 ஃப்ரேம், அதாவது தனித்தனிப் படம், ஓடும் பிரதிக்குச் செய்தது. உங்கள் கையில் இருக்கும் வீடியோ 25-இல் ஓடுகிறது. ஒவ்வொரு வரியாக இழுத்துச் சரி செய்ய உட்காராதீர்கள். ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளில் ஃப்ரேம் ரேட் மாற்றும் வசதி இருக்கிறது. அதில் 23.976-இலிருந்து 25 என்று கொடுத்தால் எல்லா வரியும் ஒரே அடியில் சுருங்கும். அப்படியே விட்டிருந்தால் இரண்டரை மணி நேரப் படத்தின் கடைசியில் வித்தியாசம் ஆறு நிமிஷத்தைத் தாண்டியிருக்கும்.

மாற்றிய பிறகு முதல் வசனத்தையும், செய்து முடித்ததில் கடைசி வசனத்தையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு வித்தியாசம் இருந்தால் ஃப்ரேம் ரேட் சரி, மொத்தக் கோப்பையும் அத்தனை விநாடி நகர்த்தினால் போதும். படத்தின் தலைப்பில் கம்பெனி முத்திரையோ எச்சரிக்கை வாசகமோ கூடக் குறைய இருந்தால் இப்படி வரும். பாதி வரை சரியாக இருந்து, இன்டர்வல் தாண்டியதும் திடீரென்று சில விநாடி தாவினால், அந்தப் பிரதியில் இன்டர்வல் அட்டையை வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்; அந்த இடத்துக்குப் பிந்திய வரிகளை மட்டும் நகர்த்தவேண்டும். 24-க்கும் 23.976-க்கும் உள்ள வித்தியாசத்தையும் அலட்சியம் செய்யக்கூடாது. பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டரை மணி நேரத்தில் ஒன்பது விநாடி சேர்ந்துவிடும். நகைச்சுவைப் படத்துக்கு ஒன்பது விநாடி என்பது ஊரைத் தாண்டிப் போவது.

எழுத்து உடைவதற்குக் காரணம் கோப்பு அல்ல, டிவி. தமிழில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் தெரியவேண்டும், ஆனால் கணினியில் அவை மெய்க்குப் பின்னால்தான் பதிவாகின்றன. இடம் மாற்றிக் காட்டுவது காட்டும் கருவியின் வேலை. பல டிவிகளின் பென்டிரைவ் பிளேயருக்கு அது தெரியாது. எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் அது வேறு நோய்: டிவியில் தமிழ் எழுத்துருவே இல்லை, அல்லது கோப்பை யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தும் பதிவாகும் யூனிகோடு முறை) ஆகச் சேமிக்கவில்லை. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த வரிகள் இருந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும்.

எப்படியும் புரொஜெக்டர் எடுக்கிறீர்கள், லேப்டாப்பிலிருந்து ஓட்டுங்கள். விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் சப்டைட்டில் எழுத்துருவாக ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ அல்லது விண்டோஸில் இருக்கும் ‘நிர்மலா யூஐ’ வையுங்கள். தடித்த எழுத்து வேண்டாம். ண, ஞ, ஸ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு தூரத்திலிருந்து ஒரே திட்டாகத் தெரியும். சாதாரண எழுத்து, வெள்ளை நிறம், சுற்றிலும் மூன்று புள்ளி (பிக்சல்) கனத்தில் கறுப்பு விளிம்பு. இந்த ஆபீஸில் வெள்ளைச் சட்டையும் டியூப்லைட்டும் நிறைய, விளிம்பு இல்லாவிட்டால் வரி காணாமல் போகும். போன் பேச்சின் எதிர்முனைக் குரலைக் காட்டச் சாய்வெழுத்தையும் தொடாதீர்கள். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் தனியாகச் சாய்வு வடிவம் கிடையாது, மென்பொருள் நேரெழுத்தைத் தள்ளிவிட்டுக் காட்டும், கண்ணை உறுத்தும். வரியின் தொடக்கத்தில் ஒரு கோடு போட்டால் போதும்.

அளவுக்கு வருகிறேன். கடைசி வரிசை 35 அடியில் இருக்கும். பெரியவர்கள் கண்ணுக்கு எழுத்து மூன்றரை அங்குல உயரமாவது வேண்டும். 10 அடி அகலத் திரை என்றால், 1080 புள்ளி உயரம் கொண்ட படத்தில் அது சுமார் 56 புள்ளி. அந்த அளவில் ஒரு வரியில் 26 எழுத்துதான் வசதியாகக் கொள்ளும், இழுத்துப் பிடித்தால் 28. மென்பொருள் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், அது குறிகளைத் தனித்தனியாக எண்ணும். ‘நிறுவனம்’ நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு எட்டு. இரண்டு வரிக்கு மேல் கூடாது. இந்த வயதுக்காரர்களுக்கு விநாடிக்குப் பத்து எழுத்து என்று வைத்துக்கொண்டால் நிறைந்த இரண்டு வரிக்கு ஐந்து விநாடிக்கு மேல் ஆகும். ஆபீஸ் காட்சிகளில் அத்தனை நேரம் கிடைக்காது. சொன்னதையெல்லாம் எழுத ஆசைப்படாமல் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். “பாருங்க சார்”, “நான் என்ன சொல்றேன்னா” எல்லாம் காதிலேயே விழுந்துவிடும், எழுத்தில் தேவையில்லை.

முதல்காட்சி டிக்கெட்:

படத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே ஒரு வணக்கம். இது ஏன் காணாமல் போனது என்பதற்குப் பெரிய மர்மம் இல்லை. 2009 டிசம்பர் 11-ஆம் தேதி வந்தது. இரண்டு வாரத்தில் ‘3 இடியட்ஸ்’ வந்து ஊர்ப் பேச்சு முழுக்க அதுவாகிவிட்டது. இயக்குநர் ஷிமித் அமினும் எழுதிய ஜெய்தீப் சஹ்னியும் இதற்கு முன் சேர்ந்து செய்தது 2007-இன் ‘சக் தே இந்தியா’. அந்த மாதிரி கைதட்ட வைக்கும் கடைசி ஆட்டத்தை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு இங்கே கொட்டேஷனும் சர்வீஸ் காலும்தான் கிடைத்தன. கதாநாயகிக்கு வேலை கொஞ்சம், ஆட்டபாட்டம் அதைவிடக் கொஞ்சம். விளம்பரத்தில் இதை எப்படி விற்பது? விற்பனையாளனைப் பற்றிய படத்தை விற்க முடியாமல் போனதும் ஒரு வேடிக்கைதான்.

சப்டைட்டில் எழுதுகிறவர்களுக்குச் சொல்லவேண்டியது: இந்தப் படத்தின் சிரிப்பு வார்த்தை விளையாட்டில் இல்லை, யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஆகவே எழுத உட்காருவதற்கு முன் ஒரு தாளில் மரியாதைக் கணக்குப் போட்டுவிடுங்கள். முதலாளி பூரி, சேல்ஸ் தலைவர் நிதின், ரிசப்ஷனில் கோயினா, கம்ப்யூட்டர் பூட்டுகிற கிரி, டீ கொண்டுவருகிற மிஸ்ரா, புதிதாகச் சேர்ந்த கதாநாயகன் ஹர்ப்ரீத். யார் யாருக்கு ‘நீ’, யாருக்கு ‘நீங்க’, எந்தக் காட்சியில் அது மாறுகிறது என்று குறித்துவைத்து அதை விட்டு நகராதீர்கள். இரண்டு பேர் பிரித்து எழுதினால் உடைகிற முதல் இடம் இதுதான். ஒருவர் மிஸ்ராவை ‘நீ’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் ‘நீங்க’ என்று. ஹர்ப்ரீத் ரகசியமாகத் தொடங்குகிற ராக்கெட் சேல்ஸ் கார்ப்பரேஷனில் டீக்கார மிஸ்ராவும் சம பங்காளி ஆகிறார். ஹர்ப்ரீத் வாயில் தொடக்கத்திலிருந்தே ‘நீங்க’ இருந்தால்தான் அந்தத் திருப்பம் தானாக வந்து உட்காரும்.

வீட்டுக் காட்சிகளில் எழுத்தைக் குறையுங்கள். தாத்தாவாக வருபவர் பிரேம் சோப்ரா, இந்திப் படங்களில் எத்தனையோ வருஷம் வில்லனாக மிரட்டியவர். அந்த ஆளை இப்படி ஒரு சாதுவான தாத்தாவாக உட்காரவைத்ததே ஒரு குறும்பு. ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது, படம் தொடங்கும் முன் ஒரு வரி சொல்லிவிடலாம். அவர் முகத்தைப் பார்க்க விடுங்கள், கண்ணைக் கீழே இழுக்காதீர்கள். தாத்தா பேரனை ‘டா’ போட்டுப் பேசுவதாக எழுதினால் போதும், பஞ்சாபிச் சாயலைத் தமிழில் ஏதாவது வட்டார வழக்காக மாற்றும் முயற்சி வேண்டவே வேண்டாம். சீக்கியத் தாத்தா திருநெல்வேலித் தமிழ் பேசினால் ஹால் சிரிக்கும், தப்பான இடத்தில்.

ஆபீஸ் சொற்களை மொழிபெயர்க்காதீர்கள். டார்கெட், ஆர்டர், கொட்டேஷன், டெலிவரி, கமிஷன் எல்லாம் அப்படியே இருக்கட்டும். வருகிற பெரியவர்களில் பலர் ஆயுள் முழுக்க டெண்டரும் வவுச்சரும் பார்த்தவர்கள். ‘விலைப்புள்ளி’ என்று எழுதினால் அவர்கள்தான் முதலில் திணறுவார்கள். ஒரே விதிவிலக்கு ஹர்ப்ரீத் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர். ஏஒய்எஸ் என்ற மூன்றெழுத்தின் விரிவு ‘அட் யுவர் சர்வீஸ்’. விற்றுவிட்டு வாடிக்கையாளரைத் திரும்பிப் பார்க்காத கம்பெனிக்கு அந்தப் பெயர். முதல் தடவை வரும்போது அதன் அர்த்தத்தைத் திரையின் மேல்பக்கம் இரண்டு விநாடி போடுங்கள், இல்லாவிட்டால் பாதிக் கிண்டல் வீண்.

பேச்சு இல்லாத இடங்களையும் கவனியுங்கள். லஞ்சம் கேட்ட வாடிக்கையாளர் கம்பெனி ஆளைப் பற்றி ஹர்ப்ரீத் அந்தக் கம்பெனியின் புகார்ப் பெட்டியில் எழுதிப் போடுகிறான். அதுதான் அவன் தலையில் விடிகிறது. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவருக்கு அவன் செய்தது விளங்காது. அதற்கு வரி வேண்டும். அதற்குப் பிறகு ஆபீஸே அவன் மேல் காகித ராக்கெட் விடுகிறதே, அங்கே ஒன்றும் எழுதாதீர்கள். முந்தைய வசனத்தின் வரி ஒட்டிக்கொண்டு நிற்காமல் அந்தக் காட்சிக்கு முன்பே மறையவேண்டும்.

லாமிங்டன் ரோடு:

ஹால் கணக்கு. 10 அடி அகலத் திரை என்றால் உயரம் 5 அடி 7 அங்குலம். உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து நாலடி. திரையின் கீழ் விளிம்பு நாலடிக்குக் கீழே வந்தால் நாலாவது வரிசையிலிருந்து பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் இருப்பவர் தலைதான் சப்டைட்டில். நாலும் ஐந்தரையும் கூட்டினால் ஒன்பதரைக்குச் சற்று மேல், உங்கள் பத்தடிக் கூரைக்கு ஒட்டி ஒட்டிப் போகும். நடுவில் ஃபேன் தொங்கினால் புரொஜெக்டர் ஒளியை மறைக்கும், முன்கூட்டியே ஏணி போட்டு அளந்துவிடுங்கள். உங்கள் பிரதி ஸ்கோப் என்ற அகலத்திரை அளவில் இருந்தால் படம் நாலேகால் அடி உயரம்தான் வரும், மேலும் கீழும் எட்டு அங்குலம் கறுப்புப் பட்டை. சப்டைட்டிலைக் கீழ்ப்பட்டையில் இறக்காமல் படத்துக்குள்ளேயே ஏற்றிவையுங்கள்.

புரொஜெக்டர் 3,500 லூமென்ஸ் (வெளிச்ச அளவு) போதும். ஹாலை முழுக்க இருட்டாக்க முடியாது, பாத்ரூம் போக வர பெரியவர்களுக்குப் பின்பக்கம் ஒரு விளக்கு எரிந்தாகவேண்டும். வாடகைக் கடையில் த்ரோ ரேஷியோ (பட அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரம் வேண்டும் என்பது) என்ன என்று கேளுங்கள். 1.5 என்றால் 10 அடிப் படத்துக்குப் புரொஜெக்டர் 15 அடி தள்ளி இருக்கவேண்டும், அதாவது கூட்டத்தின் நடுவில். அந்த ஸ்டாண்டைச் சுற்றி இரண்டு நாற்காலி இடம் விட்டு, ஒயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். ஹெச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டருக்கு மேல் போனால் மலிவான கேபிளில் படம் விட்டு விட்டு வரும். லேப்டாப்பைப் புரொஜெக்டர் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஆடியோ ஒயரை மட்டும் முன்னால் இழுப்பது நல்லது.

சவுண்டில் மாட்டப்போவது இதுதான்: பிரதியில் 5.1 ஆடியோ (ஆறு தடத்தில் பிரித்த ஒலி) இருந்தால் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர் தடத்தில் இருக்கும். இரண்டு ஸ்பீக்கருக்கு முறையாகக் கலக்காமல் இடது வலது மட்டும் வெளியே வந்தால் பின்னணி இசை காதைப் பிளக்கும், பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வரும். எல்லாரும் வால்யூமைத் திருகுவார்கள், இன்னும் மோசமாகும். விஎல்சி-யில் ஆடியோவை ஸ்டீரியோவாக மாற்றிவிட்டு, வசனம் மட்டும் உள்ள ஒரு காட்சியைப் போட்டுக் கேளுங்கள். லேப்டாப் சார்ஜர் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் கிளம்பினால் லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் மாட்டுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் வாடகைக் கடையில் டிஐ பாக்ஸ் (இரைச்சலைத் தடுக்கும் சின்னப் பெட்டி) ஒன்று கேட்டு இடையில் போடுங்கள். டைல்ஸ் தரைக்கு எதிரொலி கூடும். இரண்டு ஜமக்காளம் விரித்து, ஜன்னலுக்குத் திரைச்சீலை இழுத்துவிட்டால் பாதி அடங்கும்.

சட்டப்புள்ளி:

இலவசமாகத்தானே காட்டுகிறோம் என்பது செல்லாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், அமெச்சூர் சங்கம் கட்டணம் வாங்காமல் நடத்தினால் விலக்கு உண்டு என்று ஒரு உட்பிரிவு இருக்கிறது. பலரும் அதைக் காட்டுவார்கள். அது இலக்கியம், நாடகம், இசை இவற்றை நிகழ்த்துவதற்கு, சினிமாவுக்குப் பொருந்தாது. ஓடிடி சந்தாவும் வீட்டு உபயோகத்துக்குத்தான். அதுவும் போக, திருட்டைத் தடுக்கும் பூட்டு ஓடிடி வீடியோவிலேயே இருப்பதால் மலிவான ஸ்ப்ளிட்டர் (இணைப்பைப் பிரிக்கும் கருவி) வழியாகப் புரொஜெக்டருக்குக் கொண்டுபோனால் சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக நிற்கலாம்.

தயாரித்தது யஷ் ராஜ் ஃபிலிம்ஸ், அலுவலகம் அந்தேரியிலேயே இருக்கிறது. தேதி, இடம், நாற்காலி எண்ணிக்கை, கட்டணம் இல்லை என்பது, ஒரே காட்சி என்பது, எல்லாம் எழுதிக் கடிதம் கொடுங்கள். தமிழ் வரிகள் சேர்ப்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள், வசனத்தை மொழிபெயர்ப்பதும் உரிமைக்காரர் அனுமதியில் வருவது. பதில் வந்த பிறகு தேதியை அறிவியுங்கள்.

டோம்பிவிலி கிழக்கு:

எல்லாருக்கும் நன்றி. ஃப்ரேம் ரேட் மாற்றியதும் நாற்பது நிமிஷமும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. கடிதம் தயாராகிறது. இன்னும் இரண்டு கேள்வி. மீதி ஒரு மணி ஐம்பது நிமிஷப் படத்துக்கு எத்தனை நாள் வேலை என்று கணக்கு வைப்பது? இரண்டாவது, கமிட்டியில் ஒருவர் இதற்குப் பதில் 1976-இன் ‘சோட்டி ஸி பாத்’ போடலாமே என்கிறார். அதுவும் பம்பாய் ஆபீஸ்தான், நீளமும் குறைவு.

முதல்காட்சி டிக்கெட்:

பாசு சாட்டர்ஜி படம் அருமை, மறுக்கவில்லை. அமோல் பாலேகர் பஸ் ஸ்டாப்பில் நிற்பதைப் பார்த்தாலே அந்தக் காலத்து பம்பாய் வந்துவிடும். ஆனால் அது காதல் கதை. ஆபீஸ் அதற்கு ஒரு இடம், அவ்வளவுதான். இதில் ஆபீஸே கதை. நேர்மையாக இருந்தால் பிழைக்க முடியுமா என்ற கேள்வி ஆபீஸில் கிளம்பி வீட்டுத் தாத்தா வரை போகிறது. ‘கோல்மால்’ என்று யாராவது ஆரம்பித்தால், அதன் தமிழ் ‘தில்லு முல்லு’வை எல்லாரும் பத்து தடவை பார்த்தாயிற்று என்று சொல்லிவிடுங்கள்.

வரிக்கு இருபத்தாறு:

ஆங்கில வரிகளின் நேரம் கையில் இருப்பதால் ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிஷப் படம் முடிக்கலாம். மீதி 110 நிமிஷத்துக்கு 22 மணி நேர உழைப்பு. தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் பதினோரு நாள். அதற்கு மேல் ஒரு முழு நாள் சரிபார்ப்புக்கு. ஆங்கில வரியை மட்டும் வைத்துக்கொண்டு எழுதாதீர்கள், அதில் மரியாதை தெரியாது, எல்லாம் ஒரே ‘யூ’. இந்தி காதில் விழவேண்டும். சரிபார்ப்பவர் இந்தி தெரியாத ஒருவராக இருக்கட்டும். அவர் எந்த வரியில் “யாரு சொன்னது?” என்று கேட்கிறாரோ அதைத் திருத்துங்கள்.

லாமிங்டன் ரோடு:

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வைக்கிறீர்கள் என்றால் சென்ட்ரல் லைன் மெகா பிளாக் (பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்துவது) அறிவிப்பைப் பார்த்துவிட்டு புரொஜெக்டர் ஆளுக்கு நேரம் சொல்லுங்கள். வீடியோவையும் எஸ்ஆர்டி-யையும் ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் வைத்து, இன்னொரு லேப்டாப்பிலும் ஒரு பிரதி ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த லேப்டாப்பிலும் எழுத்துரு நிறுவியிருக்கவேண்டும். லேப்டாப் தூங்கப் போகும் செட்டிங்கையும் வாட்ஸாப் அறிவிப்பையும் அணைக்க மறக்காதீர்கள்.